வாரத்துக்கு ஒரு நாளா, மாதத்துக்கு இவ்வளவா? வறட்சியில் நகரமும் மொத்த நீர் வாரியமும் போடும் கணக்கு

2022 ஏப்ரல் 26 அன்று தென் கலிஃபோர்னியாவின் மெட்ரோபாலிட்டன் நீர் வாரியம் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. ஜூன் 1 முதல் சுமார் 60 லட்சம் பேர் வாரத்தில் ஒரே நாள்தான் தோட்டத்துக்குத் தண்ணீர் விடலாம். அது ஒத்துவராத ஊர், மாதத்துக்கு இவ்வளவு என்று அளந்து கொடுப்பதற்குள் சமாளித்துக்கொள்ள வேண்டும்.

ஜூன் 1 வந்தபோது லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தில் வாரத்துக்கு இரண்டு நாள் தண்ணீர் விட அனுமதி இருந்தது. நகர எல்லையைத் தாண்டி மேற்கே கலபாசஸில் ஒரு நாள்தான். தெற்கே ஆரஞ்சு கவுண்டிக்கு (கவுண்டி என்பது நம்மூர் மாவட்டம் போன்றது) இந்தத் தீர்மானமே பொருந்தவில்லை. மூன்று இடத்துக்கும் மொத்தமாகத் தண்ணீர் விற்பது அதே வாரியம்தான். வறட்சியும் ஒன்றுதான். அப்படியிருக்க ஊருக்கு ஒரு விதி ஏன் என்ற கேள்வி அந்தக் கோடை முழுக்கக் கேட்கப்பட்டது. ஒரு நகரமும் அதற்கு மொத்தமாகத் தண்ணீர் விற்கும் அமைப்பும் சேர்ந்து கட்டுப்பாடு வகுப்பது எப்படி என்பது அந்தக் கேள்விக்கான பதிலுக்குள் இருக்கிறது.

மெட்ரோபாலிட்டன் வாரியம் 1928இல் தொடங்கப்பட்டது. வீடுகளுக்கு நேரடியாக ஒரு சொட்டும் கொடுப்பதில்லை. 26 உறுப்பு அமைப்புகளுக்கு மொத்தமாக விற்கிறது. அவற்றின் வழியாக 6 கவுண்டிகளில் சுமார் 1 கோடியே 90 லட்சம் பேருக்குத் தண்ணீர் போகிறது. வாரியத்துக்கு வெளியிலிருந்து வரும் தண்ணீர் இரண்டு: கிழக்கே கொலராடோ ஆறு, வடக்கே சியரா நெவாடா மலைப் பனி உருகி மாநில நீர்த் திட்டக் கால்வாயில் வருவது. உறுப்பினர்களில் லாஸ் ஏஞ்சலஸ் போன்ற பெரிய நகரம் உண்டு; அந்த நகரத்துக்கு 1913இல் கட்டிய சொந்தக் கால்வாயும் நிலத்தடி நீரும் இருக்கின்றன. கலபாசஸ் பகுதிக்குத் தண்ணீர் கொடுக்கும் லாஸ் விர்ஹெனெஸ் போன்ற சிறிய அமைப்பும் உண்டு. சுமார் 75,000 பேருக்குக் கொடுக்கும் அதற்குச் சொந்தக் குடிநீர் ஆதாரம் எதுவுமே இல்லை, எல்லாம் வாங்கிய தண்ணீர்.

இங்கே கணக்கு ஏக்கர் அடியில் நடக்கிறது. ஒரு ஏக்கர் நிலத்தில் ஓர் அடி உயரம் நிற்கும் நீர், சுமார் 12.3 லட்சம் லிட்டர். நம்மூர் டி.எம்.சி. கணக்கில் ஒரு டி.எம்.சி. ஏறத்தாழ 23,000 ஏக்கர் அடி.

தண்ணீர் இருக்கிறது, குழாய் போகவில்லை

மாநில நீர்த் திட்டத்தில் மெட்ரோபாலிட்டனுக்கு எழுதப்பட்ட அதிகபட்சப் பங்கு ஆண்டுக்கு 19,11,500 ஏக்கர் அடி, அதாவது 83 டி.எம்.சி. அந்தப் பங்கில் எத்தனை சதவீதம் அந்த ஆண்டு கிடைக்கும் என்று மாநில நீர்வளத் துறை டிசம்பர் தொடக்கத்தில் முதல் அறிவிப்பைத் தரும். பனி அளவைப் பார்த்துப் பார்த்து மே, ஜூன் வரை அதை மாற்றிக்கொண்டே போகும். 2021 ஆகஸ்டிலேயே அந்தத் திட்டத்தின் பெரிய நீர்த்தேக்கமான ஓரோவில் அணையின் நீர்மட்டம் இறங்கி, அதன் மின்நிலையம் நிறுத்தப்பட்டிருந்தது. அந்த டிசம்பரில் அறிவித்தது 0 சதவீதம். டிசம்பர் கடைசியில் பனி கொட்டியது. ஜனவரியில் 15 சதவீதமாக உயர்த்தினார்கள். அதன் பிறகு ஜனவரியும் பிப்ரவரியும் மார்ச்சும் வறண்டே போயின. மார்ச்சில் அது 5 சதவீதத்துக்கு இறங்கியது: சுமார் 95,000 ஏக்கர் அடி, 4 டி.எம்.சி.யைக் கொஞ்சம் தாண்டும். அதற்கு மேல் குடிக்க, சமைக்க, குளிக்கத் தேவையான அளவை மட்டும் தனியாகத் தருவதாக மாநிலம் ஒப்புக்கொண்டது.

அதே நேரத்தில் வாரியத்தின் வசம் வேறு இடங்களில் தண்ணீர் இருந்தது. ஹெமெட் ஊருக்கு அருகே டைமண்ட் வேலி ஏரி நிரம்பினால் 8,10,000 ஏக்கர் அடி பிடிக்கும், 35 டி.எம்.சி. கொலராடோ ஆற்றுப் பக்கமும் சேமிப்பு இருந்தது. ஆனால் அந்தத் தண்ணீரைத் தேவைப்பட்ட இடத்துக்குக் கொண்டுபோக வழி இல்லை. கிழக்குப் பக்கத்து உறுப்பினர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் ரியால்டோ குழாய் மாநிலக் கால்வாயின் கிழக்குக் கிளையிலிருந்து வருகிறது. அதன் மட்டம் டைமண்ட் வேலி ஏரியைவிட உயரம். மேற்கே லாஸ் ஏஞ்சலஸின் வடமேற்கு ஓரத்தில் இருக்கும் ஜென்சன் சுத்திகரிப்பு நிலையத்துக்குத் தண்ணீர் வருவது மேற்குக் கிளையில், காஸ்டைக் ஏரி வழியாக. இந்த இரண்டு முனைகளையும் நம்பியிருந்த உறுப்பினர்கள் ஆறு பேர்: மேற்கே லாஸ் ஏஞ்சலஸ், லாஸ் விர்ஹெனெஸ், கயேகுவாஸ்; கிழக்கே இன்லாண்ட் எம்பயர், த்ரீ வேலிஸ், அப்பர் சான் கேப்ரியல். ஏப்ரல் தீர்மானம் இந்த ஆறு பேருக்கு மட்டும்தான்.

கட்டுப்பாட்டுப் பகுதியை நகர எல்லையோ கவுண்டி எல்லையோ தீர்மானிக்கவில்லை. குழாயின் நீர்மட்டம் தீர்மானித்தது. மொத்த வாரியத்தோடு பேச உட்காரும் எந்த நகரமும் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்: எங்களுடைய எந்த இணைப்புக்கு எந்த ஆதாரத்திலிருந்து தண்ணீர் வருகிறது, ஆதாரத்தை மாற்றி எடுக்க முடிகிற இணைப்பு எது? லாஸ் ஏஞ்சலஸ் போன்ற பெரிய நகரத்துக்கு வாரியத்தின் குழாயில் பல இணைப்புகள் உண்டு. சில ஜென்சன் பக்கம், சில கொலராடோ நீர் வந்து சேரும் வேமவுத் நிலையத்தின் பக்கம். 2021 முதலே இந்த மாற்று வேலை நடந்தது. சன் வேலியில் கிரெக் அவென்யூ பம்ப் நிலையத்தை ஓட்டிக் கிழக்கிலிருந்து மேற்கே தண்ணீரைத் தள்ளினார்கள். தங்கள் வழக்கமான இணைப்பை விட்டு வேறு இணைப்பில் எடுக்கும் உறுப்பினருக்கு மின்சாரச் செலவு, இயக்கச் செலவு கூடும். அந்தக் கூடுதல் செலவை வாரியமே ஈடுகட்டும் ஏற்பாடும் செய்தார்கள். மக்களிடம் புல்லைக் காயவிடச் சொல்வதற்கு முன்பே முடித்திருக்க வேண்டிய வேலை இது. பல ஊர்களில் இதைத் தொடாமல் நேராக விளம்பரத்துக்குப் போய்விடுகிறார்கள்.

எதிலிருந்து குறைப்பது

"15 சதவீதம் குறை" என்று மொத்த வாரியம் எழுதி அனுப்புவது சுலபம். எதில் 15 சதவீதம் என்பதில்தான் சண்டை.

ஒரு நகரம் மாதம் 100 அளவு தண்ணீர் செலவழிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 40 சொந்த ஆதாரம், 60 வாரியத்திடம் வாங்குவது. வாரியம் 15 சதவீதம் வெட்டினால் 60இல் 9 குறையும். ஊர்மக்கள் மொத்தத்தில் 9 சதவீதம் சிக்கனம் பிடித்தால் போதும். எல்லாமே வாங்கும் ஊருக்கு அதே 15 முழுசாக 15தான். இது ஒரு பக்கம். வறட்சி நகரத்தின் சொந்த ஆதாரத்தையும் விடாது. அந்த 40 இப்போது 30 ஆகிவிட்டால், நகரம் வாரியத்திடம் 70 கேட்டு நிற்கும். வாரியமோ 51தான் தருவேன் என்கிறது. இருப்பது 81. ஊர் குறைக்க வேண்டியது 19 சதவீதம். லாஸ் ஏஞ்சலஸின் நிலை இதுதான்: கிழக்கு சியராவில் பனி குறைந்த ஆண்டெல்லாம் அதன் சொந்தக் கால்வாய் மெலிந்து, வாரியத்திடம் வாங்குவது கூடும். அதாவது வாரியத்திடம் தண்ணீர் குறைவாக இருக்கும் அதே ஆண்டில் கேட்பது அதிகமாகும்.

இதற்காக 2008இல் மெட்ரோபாலிட்டன் ஒரு பங்கீட்டுத் திட்டம் வகுத்தது. 10 நிலைகள், ஒவ்வொன்றும் 5 சதவீதப் படி. அதன் மதிப்பு அந்தப் படிகளில் இல்லை, அடிப்படை அளவைச் சரிசெய்யும் விதிகளில் இருக்கிறது. மக்கள்தொகை கூடியிருந்தால் அதற்குச் சேர்ப்பு. சொந்த ஆதாரம் சுருங்கியிருந்தால் அதற்குச் சேர்ப்பு. ஏற்கெனவே சிக்கனமாக இருக்கும் ஊருக்கு ஒரு சலுகை. குறைக்க முடிந்ததையெல்லாம் முன்பே குறைத்துவிட்ட ஊரில் இன்னும் 15 சதவீதம் எடுப்பது, தாராளமாகச் செலவழிக்கும் ஊரில் எடுப்பதைவிடக் கடினம். இந்தச் சலுகை இல்லாவிட்டால், முன்கூட்டியே சேமித்தவனுக்குத் தண்டனை, வீணடித்தவனுக்குப் பரிசு என்று ஆகிவிடும்; அடுத்த வறட்சிக்கு முன் எந்த ஊரும் சேமிக்க முன்வராது. 2015 ஜூலையில் இந்தத் திட்டத்தின் 3ஆம் நிலை, 15 சதவீத வெட்டு, அமலுக்கு வந்தது. பங்கைத் தாண்டி எடுத்தால் 115 சதவீதம் வரை ஏக்கர் அடிக்கு 1,480 டாலர், அதற்கு மேல் 2,960 டாலர் கூடுதல் கட்டணம்.

2022இல் இந்தத் திட்டம் உதவவில்லை. அது வாரியத்தின் பகுதி முழுவதையும் ஒரே தொட்டியாகப் பார்க்கும். பிரச்சினையோ ஆறு உறுப்பினர்களின் குழாயில். ஆரஞ்சு கவுண்டியில் ஒருவர் குளிக்கும் நேரத்தைக் குறைத்தால் கலபாசஸுக்கு ஒரு குவளைத் தண்ணீர்கூட வந்துவிடாது. அதனால்தான் தனியாக ஓர் அவசரத் திட்டம் போட வேண்டியிருந்தது.

நிலைகளின் பெயரும் தொல்லை தரும். வாரியத்துக்கு ஒரு நிலை எண், நகரச் சட்டத்துக்கு ஒரு கட்ட எண், மாநிலத்துக்கு வேறொன்று. 2018இல் வந்த சட்டங்கள் 10, 20, 30, 40, 50 சதவீதம், அதற்கு மேல் என்று ஆறு பொது நிலைகளை வைத்தன. பழைய எண்ணை வைத்துக்கொள்ளும் அமைப்பு, தன் எண் எந்தப் பொது நிலைக்குச் சமம் என்று அட்டவணை போட்டுக் காட்ட வேண்டும். 2022 ஜூனில் லாஸ் ஏஞ்சலஸ் 3ஆம் கட்டத்தில் இருந்தது; அதே மாதம் மாநிலம் எல்லா ஊர்களையும் 2ஆம் நிலை நடவடிக்கை எடுக்கச் சொன்னது. இரண்டு எண்ணும் ஒரே செய்தியில் வந்தால் படிப்பவருக்குக் குழப்பம்தான் மிஞ்சும். மக்களுக்குச் சொல்லும்போது எண்ணையே விட்டுவிட்டு, எந்தக் கிழமை, எத்தனை நிமிடம் என்று மட்டும் சொல்வதே சரி.

இரண்டு வழி: நஷ்டம் யார் தலையில்

ஏப்ரல் தீர்மானம் உறுப்பினர்களுக்கு இரண்டு வழி கொடுத்தது. முதல் வழியில் வாரத்துக்கு ஒரு நாள் என்று விதி போட்டு, அதைக் கண்காணித்து அமல்படுத்த வேண்டும். இரண்டாம் வழியில் வாரியம் நிர்ணயிக்கும் மாத அளவுக்குள் நிற்க வேண்டும். எப்படி நிற்பது என்பது உறுப்பினர் பாடு. ஆளுக்கு நாளொன்றுக்கு 55 காலன், அதாவது 208 லிட்டர், என்ற அடிப்படைத் தேவையை வைத்து அந்த மாத அளவு வகுக்கப்பட்டது. தாண்டினால் ஏக்கர் அடிக்கு 2,000 டாலர் அபராதம். அந்த ஆண்டு வாரியத்தின் சுத்திகரித்த தண்ணீரின் விலையே ஏக்கர் அடிக்கு 1,143 டாலர்தான்.

முதல் வழியில் ஊர் விதியை ஒழுங்காக அமல்படுத்தியும் தண்ணீர் போதிய அளவு மிச்சமாகாமல் போகலாம். அப்போது பற்றாக்குறை வாரியத்தின் தலையில் விழும். இரண்டாம் வழியில் மக்கள் எதிர்பார்த்தபடி குறைக்காவிட்டால் அது நகரத்தின் தலையில், பணமாக விழும். இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொள்ளாமல் "எது சுலபம்" என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பது ஆபத்து.

லாஸ் ஏஞ்சலஸ் இரண்டாம் வழியை எடுத்ததற்குக் காரணம் இருந்தது. சொந்தக் கால்வாய், நிலத்தடி நீர், ஆதாரம் மாற்றக்கூடிய இணைப்புகள் என்று கையில் நெகிழ்வு இருந்தது. நகரத்தின் மொத்தப் பயன்பாடும் ஆளுக்கு நாளொன்றுக்குச் சுமார் 112 காலன் என்ற அளவுக்கு முன்பே இறங்கியிருந்தது. வாரத்துக்கு இரண்டு நாள் விட்டும் மாத அளவுக்குள் நிற்க முடியும் என்று அவர்களுக்குக் கணக்கு வந்தது. லாஸ் விர்ஹெனெஸில் அந்த நெகிழ்வு இல்லை. வாங்கும் தண்ணீரில் பத்தில் ஏழு பங்கு வீட்டுக்கு வெளியே, பெரிய புல்வெளிகளுக்கும் நீச்சல் குளங்களுக்கும் போய்க்கொண்டிருந்தது.

புல்வெளியிலிருந்து ஏக்கர் அடிக்கு

வாரியம் இணைப்பு மீட்டரில் ஏக்கர் அடியாகப் பார்க்கிறது. வீட்டுக்காரர் தெளிப்பானின் கடிகாரத்தில் நாளும் நிமிடமுமாகப் பார்க்கிறார். ஒன்றை மற்றொன்றாக மாற்றும் கணக்கை நகரத்தின் பொறியாளர்தான் போட வேண்டும்.

ஒரு நடுத்தர வீடு என்று வைத்துக்கொள்வோம். தோட்டம் ஐந்து பகுதி. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு வால்வு, அதில் ஐந்தாறு தெளிப்பான் தலை. ஒரு வால்வு திறந்தால் நிமிடத்துக்கு 12 காலன் ஓடும். பகுதிக்கு 8 நிமிடம் என்றால் 96 காலன். ஐந்து பகுதிக்கு 480 காலன், சுமார் 1,800 லிட்டர். இது ஒரு நாளுக்கு. வாரத்துக்கு மூன்று நாளாக இருந்ததை இரண்டாக்கினால், வீட்டுக்கு மிச்சம் அந்த 480 காலன். ஒரு ஏக்கர் அடி என்பது 3,25,851 காலன். ஆக, வாரத்துக்கு ஒரு ஏக்கர் அடி மிச்சமாக வேண்டுமானால் இப்படிப்பட்ட வீடுகள் கிட்டத்தட்ட 680 ஒழுங்காகக் கடைப்பிடிக்க வேண்டும். பாதிப் பேர் கடைப்பிடித்தால் பாதிதான் கிடைக்கும்.

இந்தக் கணக்கு கவிழும் இடம் நிமிடம். நாளை மட்டும் குறைத்து நிமிடத்துக்கு வரம்பு வைக்காவிட்டால், புல் வாடுகிறதே என்று 8ஐ 15 ஆக்கிவிடுவார்கள். மூன்று நாள் எட்டு நிமிடம் 24; இரண்டு நாள் பதினைந்து நிமிடம் 30. கட்டுப்பாடு போட்ட பிறகு செலவு கூடியிருக்கும்! லாஸ் ஏஞ்சலஸ் விதியில் அதனால்தான் சாதாரணத் தெளிப்பானுக்குப் பகுதிக்கு 8 நிமிடம் என்று எழுதியிருந்தது. காலை 9 முதல் மாலை 4 வரை விடவே கூடாது. வெயிலில் விட்டால் ஒரு பகுதி காற்றோடு போய்விடும்.

கிழமையைப் பிரிப்பதும் அவசியம். எல்லா வீட்டுக்கும் ஒரே நாள் என்றால், அந்த நாள் விடியற்காலை நான்கைந்து மணிக்கு ஊரின் எல்லாத் தானியங்கிக் கடிகாரமும் ஒன்றாகத் திறக்கும். மேட்டுப் பகுதியில் அழுத்தம் விழும், மேல்நிலைத் தொட்டிகள் வேகமாகக் காலியாகும். தீயணைப்புக்கு ஒதுக்கிய நீர்மட்டத்தைத் தொட்டுவிட்டால் அது உயிர்ப் பிரச்சினை. கலிஃபோர்னியாவில் கோடையும் காட்டுத்தீயும் பெரும்பாலும் ஒன்றாகத்தான் வரும். லாஸ் ஏஞ்சலஸ் கதவு எண் ஒற்றைப்படையாக இருந்தால் திங்கள், வெள்ளி. இரட்டைப்படையாக இருந்தால் வியாழன், ஞாயிறு என்று பிரித்தது. மொத்த வாரியத்துக்கும் இதில் அக்கறை உண்டு. பக்கத்துப் பக்கத்து ஊர்கள் ஒரே கிழமையைத் தேர்ந்தெடுத்தால் வாரியத்தின் பெரிய குழாயிலும் அதே உச்சம் வரும். கிழமைப் பட்டியலை வாரியத்தின் இயக்கப் பிரிவிடம் காட்டிவிட்டு அறிவிப்பதே நல்லது.

மரத்துக்கு விலக்கு வேண்டும். காய்ந்த புல் அடுத்த மழையில் தளிர்க்கும். முப்பது ஆண்டு மரம் செத்தால் முப்பது ஆண்டு காத்திருக்க வேண்டும். ஏப்ரல் தீர்மானம் மரங்களுக்குக் கையால் தண்ணீர் விட அனுமதித்தது.

இனி மாதக் கணக்கு. வாரியம் மாத அளவு வைக்கிறது. லாஸ் ஏஞ்சலஸ் வீடுகளுக்கு பில் வருவது இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. மீட்டர் எடுப்பவர் தெருத் தெருவாகப் போவதால், ஜூன் மாதச் செலவு சிலருக்கு ஜூன் பில்லில், சிலருக்கு ஆகஸ்ட் பில்லில் தெரியும். ஜூன் மாதத்தில் யார் குறைத்தார், யார் குறைக்கவில்லை என்று வீட்டளவில் நகரத்துக்குத் தெரியும்போது இரண்டு மாத அளவு முடிந்திருக்கும். ஆகவே வீட்டு பில்லை நம்பி மாத அளவைக் காப்பாற்ற முடியாது. தினமும் பார்க்க வேண்டியவை வாரியத்தின் இணைப்பு மீட்டர்கள், சொந்த ஆதாரத்தின் உற்பத்தி, தொட்டிகளின் நீர்மட்ட மாற்றம். இவற்றைக் கூட்டிக் கழித்தால் ஊரின் அன்றைய செலவு வரும். அதை மாத அளவின் தினப்பங்கோடு ஒப்பிட்டு, பத்தாம் தேதியே அளவைத் தாண்டப் போகிறது என்று தெரிந்தால் சொந்த ஆதாரத்தைக் கூட்டவோ எச்சரிக்கை விடவோ இருபது நாள் கையில் இருக்கும். இரண்டு தரப்பும் ஒரே மீட்டரை ஒரே நேரத்தில் படித்தாக வேண்டும். நள்ளிரவு ரீடிங்கும் காலை 7 மணி ரீடிங்கும் மாத முடிவில் ஒத்துப்போகாது.

அபராதம் வீட்டுக்குப் போய்ச் சேரும் விதம்

இடையில் இன்னொரு படி இருக்கும் இடத்தில் வேலை இன்னும் கடினம். கயேகுவாஸும் த்ரீ வேலிஸும் தாங்களே மொத்த விற்பனையாளர்கள். மெட்ரோபாலிட்டன் த்ரீ வேலிஸுக்கு விற்கும். த்ரீ வேலிஸ் ஊர்களுக்கும் தனியார் நிறுவனங்களுக்கும் விற்கும். கிளேர்மாண்ட் ஊருக்கு வீட்டுக்கு வீடு தண்ணீர் கொடுப்பது கோல்டன் ஸ்டேட் என்ற தனியார் நிறுவனம். மெட்ரோபாலிட்டன் அபராதம் போட்டால் அது த்ரீ வேலிஸுக்குப் போகும். த்ரீ வேலிஸுக்கு வீட்டுக்காரர் மேல் அதிகாரம் இல்லை. தனியார் நிறுவனம் தானாகக் கட்டாய விதியும் அபராதமும் போட முடியாது. மாநிலப் பொதுச் சேவை ஆணையத்திடம் கட்டண அட்டவணையைத் தாக்கல் செய்து அனுமதி வாங்க வேண்டும். ஏப்ரல் 26க்கும் ஜூன் 1க்கும் இடையே இருந்தது ஐந்து வாரம். இந்தத் தாக்கலை வறட்சிக்கு முன்பே தயாராக எழுதி வைத்திராத நிறுவனத்துக்கு ஐந்து வாரம் போதாது.

அபராதம் பணமாக மட்டும் இருந்தால் எங்கே தோற்கும் என்பதையும் பார்க்க வேண்டும். ஏக்கர் அடிக்கு 2,000 டாலர் பெரிய தொகையாகத் தெரியும். வீட்டு பில்லில் ஒரு யூனிட் என்பது 100 கன அடி, 748 காலன். அந்தக் கணக்கில் அபராதம் யூனிட்டுக்கு 4.59 டாலர்தான். பல கோடி டாலர் மதிப்புள்ள மாளிகையில் இருப்பவரை அது அசைக்காது. அதே தொகையை எல்லா வீட்டுக்கும் சமமாகப் பரப்பினால், சிக்கனமாக இருந்த குடும்பம் அடுத்த வீட்டுப் புல்வெளிக்குப் பணம் கட்டுவதாக ஆகும். இது நேர்மையில்லை.

லாஸ் விர்ஹெனெஸ் வேறு வழி எடுத்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் அளவு நிர்ணயித்திருந்தார்கள்: வீட்டுக்குள் ஆளுக்கு 55 காலன், வெளியே தோட்டத்தின் பரப்பையும் வெயிலையும் வைத்து ஓர் அளவு. அந்த அளவில் 150 சதவீதத்தை நான்கு முறை தாண்டிய வீட்டுக்கு, மீட்டரை ஒட்டி ஒரு தடுப்புத் தட்டு. உள்ளங்கையில் அடங்கும் எஃகு வட்டத் தகடு, நடுவில் சிறு துளை. அது வைத்த பிறகு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு காலன்தான் வரும், நான்கு லிட்டருக்கும் குறைவு. 15 லிட்டர் வாளி நிறைய நான்கு நிமிடம். குடிக்கலாம், சமைக்கலாம், பொறுமையாகக் குளிக்கலாம். ஒருவர் குளிக்கும்போது துணி துவைக்கும் இயந்திரம் ஓடாது. நிமிடத்துக்கு 12 காலன் கேட்கும் தெளிப்பான் வால்வு திறந்தாலும் தலை மண்ணைவிட்டு எழும்பாது. தண்ணீரை முழுக்க நிறுத்தாமல், தோட்டத்தை மட்டும் நிறுத்திவிடுகிறது. எவ்வளவு பணம் இருந்தாலும் அந்தத் துளையைப் பெரிதாக்க முடியாது என்பதுதான் அதன் பலம்.

வைக்கும் முன் ஒன்றைப் பார்த்தே ஆக வேண்டும். வீட்டின் கூரைக்குள் இருக்கும் தீயணைப்புத் தெளிப்பான்கள் அதே இணைப்பில் இருந்தால் தட்டு வைக்கக் கூடாது. நிமிடத்துக்கு ஒரு காலனில் தீ அணையாது. மருத்துவக் காரணத்துக்குத் தண்ணீர் கூடுதலாகத் தேவைப்படும் வீடா என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். எல்லாவற்றுக்கும் முன் கசிவா என்று பார்க்க வேண்டும். நள்ளிரவு 2 மணிக்கும் மீட்டர் ஓடிக்கொண்டே இருந்தால், அது பேராசை இல்லை, உடைந்த குழாய். மணிக்கு மணி ரீடிங் அனுப்பும் மீட்டர் உள்ள ஊரில் இதைச் சில நிமிடத்தில் கண்டுபிடிக்கலாம். இல்லாத ஊரில் அபராதக் கடிதம் போன பிறகுதான் தெரியவரும்.

பணத்தில் இன்னொரு பக்கமும் உண்டு. மொத்த வாரியத்தின் செலவில் பெரும்பகுதி நிலையானது: கால்வாய், பம்ப் நிலையம், கடன் தவணை, மாநிலத் திட்டத்துக்குக் கட்ட வேண்டிய பங்கு. வருமானமோ பெரும்பாலும் விற்ற தண்ணீரைப் பொறுத்தது. மக்கள் சொன்னபடி சேமித்தால் வருமானம் விழும், அடுத்த ஆண்டு விலை ஏறும். "குறைவாகச் செலவழித்தோம், அதற்கு அதிக பில்லா?" என்ற கோபம் நியாயமானது. லாஸ் ஏஞ்சலஸ் 2016 கட்டண மாற்றத்தில், விற்பனை குறைந்தாலும் நிலையான செலவுக்கான வருமானம் குறையாதபடி ஒரு சரிக்கட்டு விதியைச் சேர்த்துக்கொண்டது. இதை வறட்சிக்கு முன் செய்தால் நிர்வாகம். நடுவில் செய்தால் மக்கள் அதைத் தண்டனையாகத்தான் பார்ப்பார்கள்.

பதினைந்து நாள் முழுத் தடை

அதே ஆண்டு செப்டம்பரில் வேறு வகை ஒருங்கிணைப்பும் தேவைப்பட்டது. கொலராடோ நீரைக் கொண்டுவரும் 36 மைல் நீள அப்பர் ஃபீடர் குழாயில் கசிவு. அவசரப் பழுது பார்க்க செப்டம்பர் 6 முதல் 20 வரை குழாயை மூட வேண்டும். பர்பாங்க், கிளென்டேல், லாங் பீச், பாசடீனா, டோரன்ஸ், பெவர்லி ஹில்ஸ் உள்ளிட்ட ஊர்களில் 40 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அந்தப் பதினைந்து நாளும் தோட்டத்துக்குத் தண்ணீரே விடக் கூடாது என்றார்கள். கடும் வெப்ப அலை அடித்த வாரம் அது. இங்கே சதவீதப் பங்கீடு, அடிப்படை அளவு, சலுகை எதற்கும் வேலையில்லை. தேதி, பகுதி, என்ன கூடாது என்ற மூன்றும் ஒரே வாசகமாக எல்லா ஊர் அறிவிப்பிலும் இருக்க வேண்டும், அவ்வளவுதான். பர்பாங்கும் கிளென்டேலும் ஒட்டியிருக்கும் ஊர்கள். இரண்டு அறிவிப்பில் இரண்டு தேதி இருந்தால் இரண்டையும் யாரும் நம்பமாட்டார்கள்.

ஆறு உறுப்பினர்கள் மீதான அவசரத் திட்டம் 2023 மார்ச் 14 அன்று விலக்கப்பட்டது. அந்தக் குளிர்காலத்தில் மழையும் பனியும் கொட்டித் தீர்த்தன. ஏப்ரலில் மாநிலத் திட்டம் 100 சதவீதப் பங்கை அறிவித்தது. முந்தைய வசந்தத்தில் 5 சதவீதம் வந்த அதே கால்வாயில் இப்போது வாங்கி வைக்க இடம் தேடும் அளவுக்குத் தண்ணீர். மார்ச் கடைசியில் டைமண்ட் வேலி ஏரிக்குத் தண்ணீரைத் திருப்பி, மூன்று ஆண்டுகளாக இறங்கிக்கொண்டிருந்த ஏரியை மறுபடி நிரப்பத் தொடங்கினார்கள். வடக்கிலிருந்து ஏரிக்கு இறங்க வழி இருந்தது. ஏரியிலிருந்து ரியால்டோ குழாய்க்கு ஏற வழி செய்யும் இணைப்புகளும் பம்ப் நிலைய மாற்றங்களும் 2022 வறட்சிக்குப் பிறகே வேகம் பிடித்தன. கிழக்குப் பக்கத்து மூன்று உறுப்பினர்களுக்கு அடுத்த வறட்சியில் ஏரித் தண்ணீர் கிடைக்கச் செய்வதே அவற்றின் நோக்கம். ஜென்சன் நிலையத்தையும் காஸ்டைக் ஏரியையும் நம்பியிருக்கும் மேற்குப் பக்கத்துக்கு அந்த இணைப்புகள் மட்டும் போதாது. அங்கே தண்ணீரை மேற்கே தள்ள தனியாகப் பம்பும் குழாயும் வேண்டும்.